குடம் போகும் அகலம்

மதினி தலையில் வெறுங்குடத்தை வைத்து, இடது கையால் அதைப் பிடித்தபடி வரப்பின்மேல் அசையாமல் நின்றாள். முழங்கை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வலது கையை, நடக்கும்போது வீசுவதுபோல், உடம்பிலிருந்து சற்று அகற்றி வைத்திருந்தாள். நான் அவள் காலடியில் குத்தவைத்து, கிணற்றுக் கயிற்றைக் குறுக்கே பிடித்து, அந்த முழங்கைக்கு நேராக ஒரு முடிச்சும் இந்தக் கைக்கு நேராக ஒரு முடிச்சும் போட்டேன். "இவ்வளவு காணும்லா? போதும்லா?" என்று கேட்டாள். "காணும் மதினி" என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கழுத்து வலித்திருக்கும். எனக்கு அன்றைக்கு எல்லாம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரர்கள் முளைத்திருந்தார்கள். என் அண்ணனும் மதினியும் இருந்த குடியிருப்பில் நாற்பது வீடுகள். மூன்று பக்கம் உப்பளம். நான்காவது பக்கம் ஒரு பொட்டல், அதைத் தாண்டினால் துறைமுகச் சாலை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடிதண்ணீருக்கும் அந்தப் பொட்டல் வழியாகத்தான் போகவேண்டும். பொட்டலில் ஒரு பாதியை ஒரு முதலாளி சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்ட வாங்கியிருந்தார், மறுபாதியை இன்னொருவர் உப்பு அம்பாரம் போட வாங்கியிருந்தார். இருவரும் சுவர் எழுப்பக் கல் இறக்கிவிட்டார்கள். சுவர் எழும்பினால் நாங்கள் உள்ளே. மிச்சமிருப்பது பாத்தி வரப்புகளின் மேல் இரண்டு மைல் நடை, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது.

நான் அங்கே தங்க வந்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, மதுரையில் எச்சில் இலை எடுத்து, கொச்சியில் மூட்டை தூக்கி, கடைசியில் நாக்பூர் வரை போகும் லாரியில் கிளீனராக இருந்தேன். காய்ச்சல் கண்டதால் பதினைந்து நாள் படுத்து எழுந்து போகலாம் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் தோணியில் கொழும்புக்குப் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டில் மதினிதான். விடியுமுன் உப்பளத்துக்குப் போய் மத்தியானம் திரும்புவாள், பிறகு டீக்கடை அண்ணாச்சியின் பெஞ்சில் ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து ஊருக்கு வழி தேடுவாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் என்னையும் இழுத்து உட்காரவைத்தார்கள்.

நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். எங்கள் நாற்பது வீடு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் காகிதம். "குடியிருப்புன்னு இங்க பதிவே இல்லயேம்மா. பொது உபயோகத்துக்குன்னு ஏதாவது இருந்தா, அதுக்கு வழி விடுங்கன்னு நான் எழுதலாம். ஏதும் இருக்கா?" என்றார். மதினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "குடிதண்ணி எடுக்கிற எடம் இருக்கு சார். வந்து பாருங்க" என்றாள். அவர் மழைக்கு முன்னால் வருவதாகவும், அதுவரை சுவர் வேலையை நிறுத்திவைக்கச் சொல்வதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "ஏளா, நம்ம ஊருல குடிதண்ணி எங்கன இருக்கு?" என்று கேட்டார். "இனிமத்தான் இருக்கும்" என்றாள்.

அவள் மனத்தில் இருந்தது காலேஜ் சார். கல்லூரியில் விஞ்ஞானம் நடத்துகிற அவர், வெயிலைக் கொண்டே உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கலாம், இடம் மட்டும் கொடுங்கள் என்று ஒரு வருடமாக சைக்கிளில் வந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். வெயிலைப் பற்றி உப்பளத்துக்காரனுக்கு இவர் என்ன சொல்லித் தருவது என்று எல்லோரும் சிரித்து அனுப்பியிருந்தார்கள். இப்போது அவரைத் தேடிப்போய் அழைத்து வந்தோம். கண்ணாடி அவர் கொண்டுவந்தார். செங்கல்லும் மண்ணும் நாங்கள் சுமந்தோம். ஆழமில்லாத ஒரு தொட்டி, அடியில் தார் பூச்சு, மேலே சாய்வாகக் கண்ணாடிக் கூரை, விளிம்பில் தகரக் கால்வாய், அவ்வளவுதான். உள்ளே ஊற்றிய நீர் வெயிலில் ஆவியாகி மேலே ஏறும், கண்ணாடியில் முட்டும், போக இடமில்லாமல் துளியாகி வழிந்து கால்வாயில் விழும். நான் மணிக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் நாலு குடம் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு ஒரு செம்பு. அண்ணாச்சி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னவே இது, செத்த தண்ணி மாதிரி இருக்கு." ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி மறுபடி குடித்து, "இப்பம்தான் நம்மூருத் தண்ணி" என்றார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. சார் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய தண்ணீரை முழுக்கத் திறந்துவிட வேண்டும். நான் அதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் அவள் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எங்கள் கிணற்று நீர் உப்பளத்துக்கு இறைக்கிற அதே நீர்தான், அதற்குள் உப்பேறி நன்றாகக் கனத்திருந்தது. "உப்பு விளையப் போகுது. இதைப் போயித் தரையில திறந்து விடச் சொல்லுதாரே மனுசன்" என்றாள். விளைகிற நேரத்தில் பாத்தியைத் திறந்துவிடுகிறவனை உப்பளத்தில் யாரும் ஆளாக மதிக்கமாட்டார்கள். எனக்கும் கை வரவில்லை. தாளை மடித்துக் கூரையில் செருகினேன். சில வாரங்களில் தொட்டியின் அடியில் உப்புப் பூத்தது, வெள்ளை வெளேரென்று. தண்ணீரும் ஆச்சு, உப்பும் ஆச்சு என்று அவள் வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் நாலு குடம் மூன்றாயிற்று, இரண்டாயிற்று, பிறகு ஒன்று நிரம்புவதே பாடாயிற்று. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சாருக்கு அப்போது பரீட்சை வேலை. இதற்கிடையில் எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் சாலையில் லாரியை நிறுத்தி ஆள் அனுப்பினார். குஜராத்தில் உப்பு வேலை, உடனே புறப்படு என்று. "அதிகாரி வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் உம்ம யாரு புடிச்சா? காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் போவும்" என்றாள் மதினி. லாரி போய்விட்டது. அடுத்த மாதமும் வந்து, போய்விட்டது. காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது, உள்ளே ஏறி முட்டி வழிகிற துளிகளைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சார் வந்தபோது, அதிகாரி சொல்லியனுப்பிய தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அவர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "கறுப்புதாம்மா வெயிலைக் குடிக்கும். வெள்ளையில பட்ட வெயில் அப்படியே திரும்பிப் போயிரும்" என்றார். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி பண்ணச் சொன்னா உப்புல்லா பண்ணி வச்சிருக்கீய."

ஒரு பக்கக் கண்ணாடியை எடுத்துவிட்டு, மதினி உப்பு வாருகிற பலகையோடு தொட்டிக்குள் குப்புற ஊர்ந்து போனாள். என் உடம்பு அந்த இடுக்கில் நுழையவில்லை. மீதிக் கண்ணாடிக்குக் கீழே அந்த வெக்கையில் அவள் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. "கொழுந்தனாரே, குடத்தக் கால்வாயில வையும். நானே ஒரு செம்பு வடிஞ்சிருவேன் போலுக்கு" என்றாள் உள்ளேயிருந்து. மூச்சு முட்டி இரண்டு முறை வெளியே வந்து, இரண்டு முறையும் திரும்ப உள்ளே போனாள். புதுத் தாரையும் அவள்தான் பூசினாள். உப்பில் வெளிறி வெடித்த அவள் உள்ளங்கைகள் நான் புறப்பட்ட நாள்வரை கறுப்பாகவே இருந்தன.

தார் காய்ந்துகொண்டிருந்த நாளில்தான் அந்தக் கயிற்றைப் பிடித்தோம். அதிகாரிக்குக் கொடுக்க எங்கள் வரைபடம் ஒன்று வேண்டியிருந்தது. பெரிய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாற்பது வீட்டையும் தொட்டியையும் நான் வரைந்திருந்தேன். பாக்கி, வழி. வழியின் அகலம் எவ்வளவு என்ற கேள்விக்குத்தான் மதினி குடத்தோடு வரப்பில் ஏறி நின்றாள். அவளும் அந்தப் பெண்களும் பிறந்தது முதல் நடந்ததெல்லாம் வரப்பு. ஒரு ஆள், தலையில் ஒரு சுமை, எதிரே இன்னொருத்தி வந்தால் ஒதுங்கிக்கொள்வது. அவர்களுக்கு வழி என்றால் அதுதான். ஒரு லாரிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன். பின்னால் நின்று தட்டித் தட்டி எத்தனை சந்துக்குள் லாரியை நுழைத்திருக்கிறேன். அந்த நான்தான் "காணும்" என்று சொன்னேன்.

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். குடங்கள் நிரம்பியிருந்தன. ஒரு டம்ளர் குடித்து, தார் வாடை அடித்திருக்கவேண்டும், ஆனாலும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கள் தாளைப் பிரித்துப் பார்த்தார். "வழி இரண்டரை அடிக்குச் சொச்சம் போட்டிருக்கீங்க. இது போதுமா?" என்றார். "தாராளம் சார்" என்றாள் மதினி. அவர் அவளை ஒரு கணம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படியே குறித்துக்கொண்டார். அன்று அண்ணாச்சி எல்லோருக்கும் டீ கொடுத்தார். அடுத்த வாரம் நான் லாரி ஏறினேன்.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே சுவர். நடுவே எங்கள் வழி, கேட்ட அளவில் ஒரு விரற்கடை குறையாமல். கண்ணாடித் தொட்டி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மதினி வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். சாலையில் டாக்சி நின்றது. கட்டிலோடு தூக்கினோம், கட்டில் சுவருக்கு நடுவே நுழையவில்லை. சாய்த்தால் அவள் அலறினாள். கடைசியில் நான் முதுகில் சுமந்துகொண்டு நடந்தேன். அவள் முழங்கால்கள் இரண்டு பக்கமும் சுவரில் உரசின. பாதி வழியில் என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்: "கொடத்துக்கு வழி கேட்டோம்லே. நமக்குக் கேக்காமப் போனோம்." அதில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. எப்போதும் என்னைக் கேலி செய்கிற குரல்தான், ஆனால் அதுவரை அவள் என்னை உரிமையோடு 'லே' போட்டு அழைத்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நடந்து வரவில்லை. பாடை நுழையாததால், துணியில் கட்டி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். இப்போதைய பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, பொதுக்கூடத்தின் கூரையில் சூரிய ஒளித் தகடு போடுகிறார்கள். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அதிலிருந்து மின்சாரமாம். தகடுகளை சாலையில் இறக்கி, ஒவ்வொன்றாகச் செங்குத்தாக நிமிர்த்தி, அந்த வழியில் பக்கவாட்டில் நடந்து கொண்டுவந்தார்கள். கன்னங்கரேலென்று இருந்தன. எல்லோரும் போன பிறகு நான் மட்டும் சுவர்களுக்கு நடுவில் நின்றேன். இடது கையைத் தூக்கித் தலைமேல் வைத்தேன், இல்லாத குடத்தைப் பிடிப்பதுபோல். முழங்கை சுவரில் இடித்தது. வலது கையைச் சற்று அகற்றினேன், அதுவும் இடித்தது.

"காணாது மதினி" என்றேன்.