அவள் தறியில் என் முறை

எங்கள் தெருவுக்காகப் பேச ஒருத்தி கிடைத்தாள் என்பதில் எங்களுக்கு அத்தனை பெருமை. கூலியை உயர்த்தும்வரை முதலாளியிடம் பாவு நூல் வாங்கிச் சேலை நெய்யக் கூடாது என்று முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களை ஒன்று சேர்த்தவளே அவள்தான். தன் தறியில் மட்டும் ஓடுவது வெளியூர்க் கடைக்காரர் கொடுத்த பாவு என்றாள். நம்பினோம். எங்களுக்காக மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவளின் பிழைப்பு கெடக்கூடாதே என்று வீட்டுக்கொரு படி அரிசி கொடுத்தோம். எங்கள் தறிகள் சும்மா கிடக்க, அவள் தறியில் முறைவைத்து உட்கார்ந்து கூலியில்லாமல் நெய்தும் கொடுத்தோம்.

அன்று என் முறை. முதலாளியின் கணக்குப்பிள்ளை பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்.

"அக்கா இல்லீங்களா? நம்ம பொடவை எதுவரைக்கும் வந்துகினு இருக்குதுன்னு முதலாளி பாத்துட்டு வரச் சொன்னாரு."

தறியை விட்டு எழுந்தேன். தெருக்காரர்களையெல்லாம் கூட்டி விஷயத்தைச் சொன்னேன்.

சாயங்காலம் ஆரணி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், கூடியிருந்த எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"நம்ம தெருவுல ஒருத்தர்கூட முதலாளிக்கு நெய்யலன்னு ஆபீசர்கிட்ட அடிச்சி சொல்லிட்டு வந்துட்டேன்!"

பொய் என்று கத்த வாயெடுத்தேன். நெய்தது யார் என்று கேட்டால், என் கையைத்தானே நீட்ட வேண்டும்?