சித்தி அடித்த ஆணி

செங்கம் ரோட்டில் புதிதாகத் திறந்த காபிக் கடையில் ஒரு மாட்டுத் தோலைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சித்தப்பாவின் மான்தோல் ஞாபகம் வந்தது.

சித்தப்பா தையல்காரர். யாரோ ஒரு சாமியார் கொடுத்தார் என்று அந்தத் தோலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தில் விரித்து, காலையில் கொஞ்ச நேரம் கண்மூடி உட்காருவார். போகப்போக நாள் முழுக்க உட்கார்ந்தார். கடை பூட்டியே கிடந்தது. விபூதியும் தோலும் கலந்த வாடையில் பிள்ளைகள் நாங்கள் சத்தமில்லாமல் நடந்தோம். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். சித்தி வாசலில் தலைகுனிந்து நின்று எடுத்துக் கொடுத்தாள்.

ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் சித்தி ஸ்டூல்மேல் ஏறி, அந்தத் தோலைச் சுவரில் வைத்து ஆணி அடித்துவிட்டாள். சித்தப்பா ஈரத் துண்டோடு வந்து பார்த்தார்.

"வேணும்னா பிடுங்கி எடுத்துக்குங்க. அப்புறம் இந்த ஊட்டுல நான் இருக்கமாட்டேன்," என்றாள் சித்தி. கையில் சுத்தியல் இருந்தது.

அவர் சுவரருகே போய்த் தோலின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கோணலா அடிச்சிருக்க," என்றார்.

சுத்தியலை வாங்கி, ஒரு ஆணியைப் பிடுங்கி, தோலை நேராக்கி மறுபடி அடித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு கடைச் சாவியை எடுத்தார்.

அவருடைய சைக்கிள் தெருமுனை திரும்பிய பிறகுதான் சித்தி கீழே உட்கார்ந்து அழுதாள்.

காபி வந்தது. குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.