கன்றோடு நின்ற காட்டெருமை

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரால் எதிலும் இரண்டு நிமிடம் கூட மனதைச் செலுத்த முடியவில்லை. "பச்சையைப் பார்க்க வையுங்க, மூளைக்கு நல்லதுங்க" என்றார் டாக்டர். அதனால் குன்னூரில் எங்கள் வீட்டருகே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குத் தினமும் கூட்டிப் போனேன்.

ஒருநாள் செல்போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் அவரைக் காணோம். சுற்றிலும் பனிமூட்டம். "ஏனுங்க, எங்கிருக்கீங்க?" என்று கத்தினேன்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி ஓடிவந்து, "சத்தம் போடாதீங்கக்கா, அங்க பாருங்க" என்றாள். கன்றோடு நின்ற காட்டெருமைக்குப் பத்தடி தள்ளி அவர் அசையாமல் நின்றிருந்தார். கிட்டே போகவும் முடியாமல், கூப்பிடவும் முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து அதுவாகவே புதருக்குள் இறங்கிப் போனது.

"கன்னுக்குட்டி பால் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்தேன்" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. திட்ட வாய் வராமல் அழுதுவிட்டேன்.

இப்போதும் தினமும் போகிறோம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பார்ப்பதை நானும் பார்க்கிறேன்.