மஜீதின் பிழையான நிறுவல்

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் ஆச்சிப்பிள்ளை கண்டெடுத்தபோது, அருமைநாயகம் உன்னிச்சை வயல் வட்டையில் மிதந்துவந்த வைக்கோற்போரின் உச்சியில் பிள்ளையார் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தான். இரண்டு வயது இருக்கலாம். யார் பெற்ற பிள்ளை என்று கடைசிவரை தெரியவில்லை. ஆச்சிப்பிள்ளை சோறு கொடுத்தாள், பெயர் கொடுத்தாள். குடி என்னும் குலத்தை மட்டும் கொடுக்க முடியவில்லை. அது பெற்ற தாயின் வழியில் வருவது. “வளத்தவட குடி ஒட்டாது” என்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் முடித்துவிட்டார்.

திருவிழாவில் குடி குடியாகக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். அருமைநாயகம் வெளியே செருப்புகளுக்குக் காவல் நிற்பான். “ஒராள் வேணும்தானே” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை ஊரே நம்பியது.

எழுபத்தாறில் நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் படிக்கச் சேர்ந்தான். விரிவுரையாளர் ஹெக்டர் சேர் ஒருநாள் கணிதத்தில் வரும் சமவலுத் தொடர்புகளைப் பற்றிப் படிப்பித்தார். உதாரணத்துக்கு அவர் எடுத்தது, வேறென்ன, ‘ஒரே குடி’.

“மூண்டு குணம் வேணும். ஒண்டு, ஒவ்வொரு ஆளும் தன்னோட தானே ஒரே குடி. ரெண்டு, திருப்பிச் சொன்னாலும் சரி. மூண்டு, சங்கிலி மாதிரித் தொடரும்.”

வகுப்புத் தோழன் அப்துல் மஜீத் துள்ளி எழுந்தான். “முதலாவது தேவையில்ல சேர். மற்ற ரெண்டிலயிருந்தே வரும்.” கரும்பலகையில் தன் நிறுவலை, நிரூபணத்தை, எழுதினான்: அ-வும் ஆ-வும் ஒரே குடி. திருப்பினால் ஆ-வும் அ-வும் ஒரே குடி. சங்கிலியைத் தொடர்ந்தால் அ-வும் அ-வும் ஒரே குடி. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு.

வகுப்பு கைதட்டியது. அருமைநாயகம் கொப்பியை இழுத்தான். சனிக்கிழமை பஸ்ஸில் போய் இதை வண்ணக்கருக்கு முன்னால் விரித்துக் காட்டவேண்டும். ஒவ்வொருவருக்கும்! கணிதமே சொல்கிறது! அவசரமாகக் கொப்பியில் எழுதத் தொடங்கினான். முதல் வரியிலேயே பேனை நின்றது.

“இதில ஒரு பிழை இரிக்கி,” என்றார் சேர். “ஆருக்குத் தெரியும்?”

மணியடிக்க இரண்டு நிமிடம். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் பிழையைக் கண்டவனுக்கு அது முடியாது போலிருக்கிறது; அருமைநாயகம் எழுந்தான்.

“ஆ எண்டு ஒராள் இருந்தாத்தான் சேர் இது சரி. ஒருத்தரோடயும் ஒரே குடியில்லாத ஆளுக்கு, திருப்பவும் ஒண்டுமில்ல, தொடரவும் ஒண்டுமில்ல.”

“மெத்தச் சரி. ஆனா அப்பிடி ஒராள் இருக்க ஏலுமா?”

“ஓம் சேர். இரிக்கார்.”

மஜீத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. “எங்கட பள்ளிவாசலுக்கு வா மச்சான்,” என்றான் மெதுவாக. “எங்களுக்கும் குடி இரிக்கி. ஒண்டுக்குள்ள சொருகி விடுறன்.”

வகுப்பு சிரித்தது. அருமைநாயகமும் சிரித்தான், குனிந்து பலகையில் இருந்ததைக் கொப்பியில் எழுதிக்கொண்டே.

“பிழையானதுதானே, அழி மஜீத்,” என்றார் சேர்.

மஜீத் அழிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். “கொஞ்சம் பொறுங்க சேர். இவன் கடைசி வரியை இன்னும் எழுதி முடிக்கல்ல.”