வெள்ளிக்கிழமை டீச்சர்

"மூக்கைத் துடைச்சுக்கோ. துடைச்சாச்சா? இப்ப ஜன்னல் பக்கம் திரும்பு. முகத்துல வெளிச்சம் விழணும். அம்மா எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுப் படி."

மேசைமேல் சாக்பீஸ் டப்பா, டப்பாவின்மேல் கைப்பேசி, அது சாயாமல் முட்டுக்கொடுக்க ஒரு தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் மூன்றாம் வகுப்பு டீச்சரின் படப்பிடிப்புத் தளம். கைப்பேசி அடிக்கடி வழுக்கிக் குப்புற விழும். விழுந்தால் அதையும் ஒரு பிள்ளையாகவே நினைத்து அதட்டுவார். ஒரு நிமிஷம் நேராக நிற்கத் துப்பில்லையா என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பொத்தானை அழுத்துவார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த வீடியோ அன்று மாலைக்குள் அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பெற்றோர்கள் வைத்த பெயர்தான் வெள்ளிக்கிழமை டீச்சர். பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூட, மற்ற நாளில் அவர் வந்து நின்றால், "இன்னிக்கு என்ன டீச்சர், வெள்ளிக்கிழமையா?" என்று சீண்டுவார்.

ஐம்பதைத் தொடுகிற வயது. குள்ளம். நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் நடை. தோள்பையில் சீப்பு, ஊக்கு, ஈரத்துணி, ஒரு வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டை எந்தப் பிள்ளைக்கும் சரியான அளவில்லை, எல்லாப் பிள்ளைக்கும் போடலாம். பின்பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து ஊக்கு குத்திவிட்டால், முன்பக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். பின்பக்கம் எந்தத் தாய்க்கும் போய்ச் சேரப்போவதில்லை. வகுப்பறையும் அப்படித்தான். ஒரு மூலையில் மட்டும் நீல வண்ணம் அடித்து, கதைப் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார். மற்ற மூன்று மூலையிலும் சுவர் உதிர்கிறது. பள்ளி முழுக்க நீலம் என்று நம்புகிற பெற்றோர் நிறையப் பேர். அவர்கள் கேட் வரைக்கும்தான் வருகிறவர்கள்.

இந்த வேலை வீட்டிலும் அவரை விடுவதில்லை. தையல் மெஷின் பழுதுபார்க்கும் கணவர், சாப்பிடும்போதுகூடத் தன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார். தூரத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் வீடியோவில் கூப்பிடுவாள். நன்றாக உடுத்தி, வெளிச்சத்தில் உட்கார்ந்து, சிரித்துப் பேசுவாள். கணவருக்கு வாயெல்லாம் பல். டீச்சர் மட்டும் மகளின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் தெரிகிற சுவரையும் கதவையும் பார்த்துக்கொண்டிருப்பார். போனை வைத்த பிறகு, "பாக்க நல்லாத்தான் இருக்கா" என்பார்.

ஒரு காலத்தில் இந்த வீடியோவெல்லாம் கிடையாது. பருவத் தேர்வு முடிந்ததும் பெற்றோரை வரவழைத்து எதிரே உட்கார வைத்துப் பேசுவார். உள்ளதை உள்ளபடி சொல்வார். அப்படி ஒருமுறை, உங்கள் பையனுக்குக் கழித்தல் இன்னும் பிடிபடவில்லை என்று ஒரு தகப்பனிடம் சொன்னார். அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பையனைத் திரும்பிப் பார்க்காமலே ஓங்கி ஓர் அறை விட்டார். பையன் மேசையில் மோதி விழுந்தான். நான் சொன்ன வார்த்தைதான் அவனை அடித்தது என்று டீச்சர் பல நாள் புலம்பினார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து உள்ளபடி எதுவும் வரவில்லை. நன்றாகப் படிக்கிறான், இன்னும் கொஞ்சம் முயற்சி வேண்டும், கையெழுத்து திருந்தியிருக்கிறது என்று பூசி மெழுகக் கற்றுக்கொண்டார். வீடியோ யோசனை அவருக்கு வந்தது அந்த நாட்களில்தான். பிள்ளை படிப்பதைப் பெற்றவர்களே பார்த்துக்கொள்ளட்டும், நடுவில் நான் எதற்கு என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான்.

தலைமையாசிரியருக்கு அது வேறு விதமாக இனித்தது. தெருக்கோடியில் புதுப் பள்ளி ஒன்று வந்து, சறுக்குமரம் வைத்து, இங்கிருந்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டிருந்த நேரம். வீடியோ போன வீடுகளிலிருந்து ஒரு பிள்ளையும் அங்கே போகவில்லை. காரணத்தை அவர் கண்டுபிடித்துக்கொண்டார். "பெத்தவங்களுக்கு சந்தோஷம் அனுப்புங்க டீச்சர். சந்தேகம் அனுப்பாதீங்க" என்பது அவர் வாய்ப்பாடு.

சந்தோஷம் அனுப்ப ஒத்திகை வேண்டியிருந்தது. திங்களன்று கதையை டீச்சர் படித்துக் காட்டுவார். செவ்வாயும் புதனும் வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுப் படிக்கும். வியாழனன்று ஒவ்வொருவராக. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையும் தடுமாறாது. தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பார். தடுமாறுகிற பிள்ளைக்குத்தான் டீச்சர் தேவை என்பதும், அந்தத் தடுமாற்றத்தைத்தான் தான் வாராவாரம் அழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அவருக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

உறைக்க வைத்தவள் ரேடியோ. அது வகுப்பு வைத்த பட்டப்பெயர். எட்டு வயதுப் பெண். எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். பஸ் கண்டக்டர் குரல், தலைமையாசிரியரின் இருமல், டீச்சர் கைப்பேசியை அதட்டுவது எல்லாம் அச்சு அசலாக வரும். டீச்சரே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வீடியோக்களில் அவளுடையதுதான் உச்சம். ஏற்ற இறக்கம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தம், பக்கம் புரட்டும்போது ஒரு சின்னச் சிரிப்பு. தலைமையாசிரியர் புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு அவள் வீடியோவைத்தான் போட்டுக் காட்டுவார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவின் முறை வந்தது. மழைக்குப் பயந்த ஆமை, தவளையிடம் குடை கேட்கப் போகிற கதை. நடுவில் அவள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். ஆமை தவளை வீட்டுக் கதவைத் தட்டுகிற பக்கம் மறைந்துபோய், மழை விட்டு வெயில் அடிக்கிற பக்கம் திறந்து கிடந்தது. படம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ரேடியோவின் ஆமை கதவைத் தட்டியது. தவளையாரே என்று கூப்பிட்டது. குடை கேட்டது. உள்ளே மறைந்திருந்த பக்கத்தை அவள் ஓர் எழுத்து விடாமல், விரலை வரிக்கு வரி நகர்த்தியபடி படித்து முடித்தாள்.

டீச்சர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு மற்றவற்றோடு அதையும் அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்னமே அவளைக் கூப்பிட்டு, வகுப்பில் இதுவரை தொடாத ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவள் படத்தைப் பார்த்தாள். இன்னொரு பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். பயமோ வெட்கமோ அந்த முகத்தில் இல்லை.

"இத இன்னும் யாரும் படிக்கலையே டீச்சர்."

அவள் ஏமாற்றவில்லை. யாரோ ஒருவர் முதலில் படிப்பார், கேட்டு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும், படிப்பது என்றால் அதுதான் என்று அவள் உண்மையாகவே நினைத்திருந்தாள். அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒற்றை ஒற்றை எழுத்தாகக் காட்டியபோது பாதி தெரிந்தது. இரண்டு சேர்ந்தால் தெரியவில்லை. இன்னும் சில பிள்ளைகளிடமும் அதே புத்தகத்தை நீட்டிப் பார்த்திருக்கலாம். டீச்சர் நீட்டவில்லை. பயம்தான், வேறென்ன?

தலைமையாசிரியரிடம் போய், அந்தத் தாயிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றார். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "இத்தனை வாரம் படிக்கிறா படிக்கிறான்னு அனுப்பிட்டு, இப்பப் படிக்க வரலைன்னு சொன்னா, மத்த வீடியோவெல்லாம் என்னன்னு மத்தவங்க கேப்பாங்களே டீச்சர்" என்றார். அட்மிஷன் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அட்மிஷன் முடிந்தால் ரேடியோ நான்காம் வகுப்பில் இருப்பாள். நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டச் சொல்லித்தர ஆளும் இல்லை, நேரமும் இல்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அங்கே பாடம். அதற்குள் யாராவது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். பெற்றவளுக்குத் தெரிந்தால்தானே அது நடக்கும்?

டீச்சர் அன்று சாயங்காலமே போன் செய்தார். அந்தத் தாய் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன். டீச்சர் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் வீடியோவைக் காட்டிவிட்டதாகவும், படிப்புதான் நன்றாக வந்துவிட்டதே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுப்பிக்கொண்டிருந்த டியூஷனை நிறுத்திவிட்டதாகவும், அந்தத் தைரியத்தில் மாலை ஷிப்டுக்கும் ஒப்புக்கொண்டதாகவும் மூச்சுவிடாமல் சொன்னாள். டீச்சர் மென்று விழுங்கி, பிள்ளையை வீட்டிலும் கொஞ்சம் படிக்க வைத்துப் பாருங்கள் என்றார். மறுமுனையில் சிரிப்பு.

"நீங்க அனுப்புறதுலதான் டீச்சர் நான் அவ முகத்தையே பாக்குறேன். நான் போறப்போ தூங்குறா, வர்றப்போ தூங்குறா. படிக்க வெச்சு எங்க பாக்குறது?"

நேரில் வரச் சொன்னார். போனில் இதைச் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நேரில் மட்டும் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வியை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பள்ளி விட்ட பிறகு, ஷிப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அந்தத் தாய் வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்த விரல்கள். கேட்டைத் தாண்டி அவள் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. உதிர்ந்த சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நீல மூலையைக் கண்டதும் தெரிந்த ஆளைக் கண்டதுபோல் சிரித்தாள். பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். பரிசு வாங்க வந்தவள் முகம்.

டீச்சர் முந்தின ராத்திரி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். உங்கள் பெண் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை என்று தொடங்கினார். அப்படித் தொடங்கியதே தப்பாகப் போயிற்று. தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் உங்கள் புண்ணியம் என்றாள். தயாரித்து வைத்த மற்ற வாக்கியங்களுக்கு அதன்பின் இடமே இல்லை. வெளியே வராந்தாவில் தலைமையாசிரியர் தேவையில்லாமல் ஒருமுறை இருமிவிட்டுப் போனார். நீல மூலையில் நின்றிருந்த ரேடியோகூட அன்று அந்த இருமலைத் திருப்பிச் சொல்லவில்லை.

தாய் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "எங்கண்ணு, போன்லயே பாத்துட்டிருக்கேன். ஒரு தடவ அம்மாவுக்கு நேர்ல படிச்சுக் காட்டு" என்றாள்.

ரேடியோ கயிற்றிலிருந்து ஆமைக் கதையை எடுத்துவந்து, அம்மாவும் டீச்சரும் பார்க்கும்படி மேசைமேல் விரித்தாள். யாரும் சொல்லாமலே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். படிக்க ஆரம்பித்தாள். 'ஆமைக்கு மழை என்றால் பயம்.' விரல் வரிக்கு வரி நகர்ந்தது. தாயின் உதடுகளும் கூடவே சத்தமில்லாமல் அசைந்தன. எத்தனையோ தடவை பார்த்து அவளுக்கும் அது மனப்பாடம். 'ஆமை மெல்ல நடந்தது. தவளை வீட்டுக் கதவைத் தட்டியது.'

டீச்சர் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, அந்தப் பக்கத்தின்மேல் வைத்தார். எழுத்தெல்லாம் கைக்கு அடியில் போயிற்று. ரேடியோவின் விரல் டீச்சரின் புறங்கைமேல் ஏறி, அங்கேயும் இடமிருந்து வலமாக நகர்ந்தது. 'தவளையாரே, தவளையாரே, குடை தருவீரா? நனைந்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.' குரல் ஒரு பிசிறும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தாயின் உதடுகள் நின்றன. அவள் புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கையை எடுக்கவில்லை.