திரையில் வந்த போலீஸ்

மாலை நாலு பத்துக்கு, படப்பையில் எங்கள் வீட்டுக் கணினியில் ரயில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்கப் போலீஸ் முத்திரை. ஆபாசப் படம் பார்த்த குற்றமாம். ஒரு மணி நேரத்தில் அபராதம் கட்டாவிட்டால் கைதாம். மூடவும் முடியவில்லை.

நான் பார்க்கவில்லை. அப்படியானால் மகள்தான் என்று முடிவு கட்டினேன். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவளைப் போனில் பிடித்தேன்.

“இன்னாடி அசிங்கத்தப் பாத்துத் தொலைச்ச? போலீஸ் வூட்டுக்கு வரப்போவுது!”

“கத்தாதம்மா. கார்டு நம்பர் மட்டும் போட்றாத.”

பாதி எண்ணைத் தட்டியிருந்த விரல் நின்றது. அவள் வந்து சேரும்வரை அரை மணி நேரம் வாசலுக்கும் கணினிக்குமாக அலைந்தேன்.

வந்தவள் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்தாள். மறுபடி போட்டபோது முத்திரை இல்லை.

“நெஜ போலீஸ் இப்டி ஸ்க்ரீன்ல வந்து ஃபைன் கேக்காதும்மா.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பையைக் கழற்றவில்லை.

“நீ கத்துனது பஸ் பூரா கேட்டுச்சு. எவனோ போட்டத நம்பிட்ட. பாத்தியான்னு என்னய ஒரு வார்த்த கேட்டியா?”