வயிற்றின் உள்துணியும் ஒரு டம்ளர் தண்ணீரும்

போன வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆசை, ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்க வேண்டும் என்பதுதான். சிரிக்காதீர்கள். ஏங்கி ஏங்கி அழுதிருக்கிறேன்.

என் பெயர் எஸ்தர். நானும் என் கணவர் சாமுவேலும் தேனி கடைவீதியில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கிறோம். சர்க்கரை நோயால் என் சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று முறை கையில் ஊசி குத்தி, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். குடிக்கிற தண்ணீர் வெளியேறாமல் உடம்பில் தங்கி மூச்சை அடைக்கும் என்பதால், மாத்திரையோடு இரண்டு மடக்கு, சோற்றோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் குடம் நிறைகிற சத்தம் கேட்டாலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன்.

என் கணவர் என் முன்னால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். சாப்பிட்டுவிட்டு கடைக்குப் போய்த்தான் குடிப்பார். வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்களும், "இப்பத்தேன் குடிச்சிட்டு வந்தோம்க்கா" என்று சொல்லிவிடுவார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாத வீடாகிவிட்டதே என்று நான் குமைந்தேன்.

ஒரு சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்றுதான் சபையாரெல்லாம் ஜெபித்தோம். கொடுக்க முன்வந்த என் தம்பிக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அந்த நம்பிக்கையும் போயிற்று.

பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஐந்தாம் வார்த்தை வந்தது: "தாகமாயிருக்கிறேன்." போதகர் சிலுவையின் தாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் என்னால் முடியவில்லை. "ஆண்டவரே, இது உமக்குத் தெரியுமே. எனக்குச் சிறுநீரகம்கூட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும்" என்று விம்மினேன்.

சில நாட்களில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மறுகையிலும் சரிவரவில்லை. நல்ல பதில் தந்தீர் என்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டுதான் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே சிறுநீரகம் பார்க்கிற டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டார். "லைனிங் துணியும் விக்கிறீங்களா? உங்க வயித்துக்குள்ளயே ஒரு லைனிங் இருக்கும்மா" என்று தாளில் வரைந்து காட்டினார். பெரிடோனியம் என்ற மெல்லிய சவ்வு. வயிற்றுச் சுவரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அதுவே மடிந்து திரும்பி, இரைப்பை, ஈரல், குடல் எல்லாவற்றையும் போர்த்துகிறது. நடுவில் ஈரம் கசிகிற சிறிய இடைவெளி. விரித்தால் நம் உடம்புத் தோல் முழுவதின் அளவுக்கு வருமாம். அதில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைய. அந்த இடைவெளியில் மருந்து நீரை விட்டு வைத்தால், ரத்தத்தின் கழிவும் கூடுதலான நீரும் சவ்வின் வழியே அதில் இறங்கும். பிறகு வடித்துவிடலாம்.

என் கணவர் திகைத்துவிட்டார். "தண்ணியே ஆகாதுன்னு சொன்னாக. இப்ப ரெண்டு லிட்டர வயித்துக்குள்ளயே விடப் போறீகளா?"

டாக்டரம்மா சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கைத் துணியின் நிறத்தைப் பத்துமுறை பார்ப்பார்கள். உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங்கை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியொன்றை என் தாயின் கருவிலேயே எனக்குள் விரித்து வைத்துவிட்டு, நான் அடுத்தவர் உறுப்புக்காக அழுததைத் தேவன் எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்!

தொப்புளுக்குக் கீழே குழாய் வைத்தார்கள். இப்போது தினமும் நான்கு முறை கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்கிறோம். வேட்டியில் கை துடைக்கிற என் கணவர், முழங்கை வரை சோப்புப் போட்டுவிட்டுத்தான் மருந்து நீர்ப் பையைத் தொங்கவிடுகிறார். வடிந்த நீர் கலங்கியிருந்தால் உள்ளே கிருமி என்று அர்த்தம். அதனால் வசனக் காலண்டரின் தாளைப் பைக்கு அடியில் வைத்துப் பார்ப்போம். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் இருவரும் சத்தமாக வாசித்து ஸ்தோத்திரம் சொல்வோம்.

நீர் நன்றாக வடியத் தொடங்கியபின் டாக்டரம்மா நான் குடிக்கிற தண்ணீரின் அளவைக் கூட்டினார். அன்று மத்தியானம் என் கணவர் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்.

"எஸ்தரு, குடி. நானும் இங்கனயே குடிக்கிறேன்."

குடித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. அவர் தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

சிறுநீரகத்துக்காக இன்னும் ஜெபிக்கிறேன். சுருளி அருவியில் தலை நனைக்க ஆசை. குழாய் இருப்பதால் கூடாது. அந்த ஏக்கத்தையும் ஆண்டவரிடமே சொல்கிறேன். கேட்டது வரவில்லையென்று சோர்ந்திருக்கிறவர்களே, விட்டுவிடாமல் கேளுங்கள். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து ஜெபிப்போம். வரும்போது, குடித்துவிட்டு வந்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.